கோசோங் என்றால் எது இல்லை?

கிளினிக்கில் கொடுத்த குளுக்கோஸ் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, "இவ்வளவுதானா?" என்று கேட்ட கர்ப்பிணி நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். முந்தின நாள் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு வயிற்றில் ஒன்றும் இல்லை. காலையில் ஒருமுறை ரத்தம் எடுத்தாகிவிட்டது. பக்கத்தில் இருந்த பெண்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு குடித்தார்கள். ஒரு பெண் பாதியிலேயே எழுந்து கழிவறைக்கு ஓடினாள். எனக்கோ, ஐஸ் கட்டி இரண்டு போட்டு எலுமிச்சையும் பிழிந்திருந்தால் கடைச் சர்பத்துக்கு இது எந்த விதத்திலும் குறைவில்லை என்று தோன்றியது. மிஸ்ஸி சிரித்துவிட்டார். எங்கள் ஊரில் தாதியை மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவோம். இரண்டு மணி நேரம் கழித்து அவரே மறுபடி ரத்தம் எடுத்தார். முடிவு வந்தபோது சிரிக்கவில்லை.

"இனிப்பு நீர்ம்மா, சர்க்கரை வியாதி. மாசமா இருக்கறப்ப வர்றது. பயப்படாதீங்க, ஆனா விளையாட்டா எடுத்துக்காதீங்க."

பயப்படாமல் எப்படி இருப்பது? கல்யாணமாகிப் பல வருஷம் கழித்து வந்த வயிறு இது. இதற்கு முன் ஒருமுறை ஐந்தாம் மாதத்தில் கைவிட்டுப் போனது. அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் குழந்தை என்ற சொல்லையே நானும் என் கணவரும் பல காலம் உச்சரிக்கவில்லை. இந்தக் குழந்தைக்கு ஒன்று என்றால் நான் தாங்கமாட்டேன். அது எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். மிஸ்ஸி சொன்னதெல்லாம் பாதிதான் காதில் விழுந்தது: என் ரத்தத்தில் கூடும் சீனி குழந்தைக்கும் போகும், குழந்தை அளவுக்கு மீறிப் பெருத்துவிடும், பிரசவம் ஆபத்தாகும். இரண்டு வாரம் சாப்பாட்டைச் சரிசெய்து பார்க்க வேண்டும். சரிவராவிட்டால் மருந்து, இல்லையென்றால் ஊசி.

பிறகு விரலில் குத்தி ரத்தம் பார்க்கும் மீட்டரை எப்படிப் பயன்படுத்துவது என்று காட்டினார். அந்த நிமிஷம்தான் எனக்கு உயிர் வந்தது. ஏனென்றால் அளப்பதுதான் என் பிழைப்பு. மின்னணு உதிரிப் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறேன். கண்ணுக்குத் தெரியாத கீறலைக்கூட உருப்பெருக்கியில் பிடித்து, "ரிஜெக்ட்" என்று தள்ளிவைப்பேன். பத்துப் பேர் சேர்ந்து நன்றாக இருக்கிறது என்று சத்தியம் செய்தாலும் கருவி சொல்வதைத்தான் நம்புவேன். இதனால் எனக்கு அங்கே நண்பர்கள் குறைவு. என் உடம்புக்குள் நடப்பதையும் அளந்து பார்க்கலாம் என்று தெரிந்ததும், அடடா, இது நமக்குத் தெரிந்த வேலையாயிற்றே என்று மனம் துள்ளியது.

"சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழிச்சுப் பாருங்க. எட்டுக்குள்ள இருக்கணும்" என்றார் மிஸ்ஸி. எங்கள் நாட்டு மீட்டர் சின்ன எண்களில்தான் பேசும். எட்டு என்பது எனக்குக் கிழிக்கப்பட்ட கோடு.

மறுநாள் விடுமுறை எடுத்திருந்தேன். காலையில் ஆயர் ஈத்தாம் சந்தைப் பக்கம் நடந்தேன். எங்கள் அடுக்குமாடி வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். வழக்கமாகச் சாப்பிடும் தமிழ் முஸ்லிம் மாமாக் கடையில் உட்கார்ந்து, ராணி மாதிரி உத்தரவு போட்டேன்.

"அண்ணே, ரொட்டி கோசோங் ரெண்டு, தே கோசோங் ஒண்ணு!"

கோசோங் என்ற சொல் எங்களுக்கு மலாய்ச் சொல் என்பதே மறந்துபோய்விட்டது. காலி, வெறுமை, ஒன்றும் இல்லை என்று பொருள். போன் நம்பர் சொல்லும்போது பூஜ்யத்துக்குக் கோசோங் என்போம். பஸ்ஸில் இருக்கை காலி என்றால் கோசோங். குழம்பு ஊற்றாத சோறு நாசி கோசோங். சீனி போடாத காப்பி, காப்பி கோசோங். அதனால் என் திட்டம் மிக எளிமையாக இருந்தது: இனிமேல் எதைக் கேட்டாலும் கூடவே கோசோங் என்று சொல்லிவிட வேண்டியது, சீனி எந்த வழியாக உள்ளே வரும், பார்த்துவிடலாம்! பரோட்டா மாதிரியான ரொட்டி சானாயைப் பருப்புக் குழம்பில் தோய்த்து நிம்மதியாகச் சாப்பிட்டேன். தே, அதாவது பால் ஊற்றிய தேநீர், கொஞ்சம் இனிப்பதுபோல் இருந்தது. இத்தனை வருஷம் சீனி தின்று பழகிய நாக்கு, அப்படித்தான் கற்பனை செய்யும் என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து ஒரு மணி நேரம் கழித்து விரலில் குத்தினேன். மீட்டர் இரண்டு இலக்கத்தில் ஒரு எண்ணைக் காட்டியது.

முதலில் கருவியைச் சந்தேகித்தேன். அது என் தொழில் தர்மம். விரலில் ஏதாவது ஒட்டியிருந்தால் தப்பாகக் காட்டும் என்று மிஸ்ஸி சொல்லியிருந்தார். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, துடைத்து, வேறு விரலில் குத்தினேன். அதே இரண்டு இலக்கம். வயிற்றில் குழந்தை ஒரு உதை விட்டது. அடுத்த நொடி பயம் கோபமாக மாறியது, எனக்கு எப்போதும் அப்படித்தான். மீட்டரைக் கையிலேயே பிடித்துக்கொண்டு லிஃப்டில் இறங்கிக் கடைக்குப் போனேன்.

"அண்ணே, தேயில சீனி போட்டீங்களா?"

"இல்லக்கா."

"பொய் சொல்லாதீங்க. இங்க பாருங்க, மீட்டர் சொல்லுது!"

தேயை உயரத் தூக்கி ஆற்றிக்கொண்டிருந்தவர் குவளையைக் கீழே வைத்தார். "என்னாக்கா, காலையிலேயே? நீங்க கோசோங்னு கேட்டீங்க, நான் கோசோங்தான் குடுத்தேன். ஒரு கரண்டி சீனி போட்டிருந்தா என் கை விளங்காது லா!"

"அப்ப எப்படி இனிச்சுது?"

"சூசு ஊத்தினேன்ல!" என்று பலகைமேல் இருந்த கெட்டிப் பால் டின்னைத் தூக்கிக் காட்டினார். ஓரத்தில் மஞ்சளாக வழிந்து காய்ந்திருந்தது. "இதிலேயே இனிப்பு இருக்குல்ல. கோசோங்னா மேல சீனி போடறதில்ல, அவ்வளவுதான். பாலே வேணாம்னா தே ஓ கோசோங்னு சொல்லணும்."

"சரி, ரொட்டி? ரொட்டியும் கோசோங்தானே?"

"ரொட்டி கோசோங்னா முட்டை இல்ல, வெங்காயம் இல்ல. வேற என்னா?"

"மாவுல?"

அவர் எண்ணெய் தடவி வைத்திருந்த மாவு உருண்டைகளைத் திரும்பிப் பார்த்தார். "மாவு பிசையறப்ப கொஞ்சம் சீனி, கொஞ்சம் சூசு போடுவோம். இல்லாட்டி ரொட்டி சிவக்காதுக்கா."

பக்கத்து மேசையில் பத்திரிகை படித்துக்கொண்டிருந்த ஒருவர் தலையைத் தூக்காமலே, "கொறைச்ச இனிப்புன்னா கூராங் மானிஸ்னு சொல்லணும் தங்கச்சி" என்று தன் பங்குக்கு ஒன்றைச் சேர்த்தார். நான் கேட்கவே இல்லை. ஆனால் நின்ற இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறந்ததிலிருந்து இந்தச் சொல்லைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். எது இல்லை என்று ஒரு நாளும் கேட்டதில்லை. தேயில் ஒன்று இல்லை, ரொட்டியில் வேறொன்று இல்லை, சோற்றில் இன்னொன்று இல்லை. எல்லாவற்றையும் ஒரே கோசோங் என்று நம்பி, வயிற்றுப் பிள்ளையோடு நான் தின்றுகொண்டிருந்திருக்கிறேன்.

"மன்னிச்சுக்கோங்கண்ணே" என்றேன்.

"பரவால்லக்கா. புள்ளத்தாச்சி பொண்ணு, கோவம் வரத்தான் செய்யும்" என்றார். எனக்கு வயிற்றில் பிள்ளை இல்லாதபோதும் கோபம் வரும் என்பது பாவம் அவருக்குத் தெரியாது.

அன்று தொடங்கிய ஆட்டம்தான். பஸ்ஸில், சாப்பாட்டு இடைவேளையில், துணி காயப்போட்டபடி, போனில் படித்துக்கொண்டே இருந்தேன். கெட்டிப் பாலும் மாவில் போட்ட சீனியும் பாதிக் குற்றவாளிகள்தான் என்று தெரிந்தது. அவை இல்லாவிட்டாலும் அந்தக் கோதுமை மாவே என் எண்ணை ஏற்றியிருக்கும். ஏனென்றால் மாவுச்சத்து என்பதே குளுக்கோஸ்களைக் கோத்துக் கட்டிய நீளச் சரம். உதிரிப் பூவாக இருந்தால் நாக்குக்கு இனிப்பு தெரியும். சரமாகக் கட்டியிருந்தால் தெரியாது. ஆனால் உள்ளே போனதும் உடம்பு உட்கார்ந்து சரத்தைப் பிரித்து உதிரியாக்கிவிடும். நாக்கு ஏமாறும், ரத்தம் ஏமாறாது.

படித்ததோடு விட்டால் அது நான் இல்லை. மறுநாள் தொழிற்சாலைக் கேண்டீனில் சீனி போடாத ரொட்டித் துண்டு ஒன்றை வாயில் போட்டு, விழுங்காமல் மென்றுகொண்டே இருந்தேன். எதிரே என் பிரிவிலேயே வேலை செய்யும் சீனப் பெண் ஒருத்தி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முதலில் வெறும் ரொட்டி. பிறகு கூழ். அதற்கும் பிறகு, மெல்ல மெல்ல, நாக்கின் ஓரத்தில், சத்தியமாக இனிப்பு!

"இனிக்குது!" என்று கத்திவிட்டேன். வாயில் இருந்ததில் கொஞ்சம் மேசையில் தெறித்தது.

அவளுக்குத் தமிழ் தெரியாது. மலாயில் விளக்கினேன்: எச்சிலே சரத்தைப் பிரிக்கத் தொடங்கிவிடுகிறது, அதனால்தான் இனிக்கிறது. நம்பாமல் அவளும் ஒரு துண்டை மென்றாள். அவள் கண்கள் மெல்ல விரிந்தன. "பெத்துல் லா!" என்றாள். உண்மைதான் என்கிறாள். அன்று எங்கள் மேசையில் நான்கு பேர் பசு மாடுகள்போல் அசைபோட்டுக்கொண்டிருந்தோம். மேற்பார்வையாளர் என்ன என்று கேட்டுவிட்டு, அவரும் ஒரு துண்டு எடுத்துக்கொண்டார். பல வருஷமாக எனக்கு அமையாத நண்பர்கள் ஒரு ரொட்டித் துண்டால் கிடைத்தார்கள்.

அடுத்தது பேரங்காடி. சனிக்கிழமை கணவரோடு போனேன். அவருக்கு ஜுருவில் பழைய கார் விற்கும் கடையில் வேலை. வாரம் முழுவதும் எங்கள் தீவிலிருந்து கடல் பாலத்தைத் தாண்டிப் போய்வந்து களைத்தவர், சீக்கிரம் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்ப் படுக்கலாம் என்ற ஆசையில் வந்திருந்தார். நான் பிஸ்கட் அடுக்கின் முன்னால் நின்று ஒவ்வொரு பாக்கெட்டையும் திருப்பிப் படித்தேன். முன்பக்கம் பெரிய எழுத்தில் சீனி சேர்க்கவில்லை என்று இருக்கும். பின்பக்கம் சின்ன எழுத்தில் மால்ட் சாறு, குளுக்கோஸ் பாகு, மால்டோஸ், டெக்ஸ்ட்ரோஸ் என்று சொந்தக்காரர்கள் எல்லாரும் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். ஓஸ் என்று முடியும் பெயர்கள் எல்லாம் ஒரே குடும்பம் என்று அதற்குள் எனக்குப் பாடமாகியிருந்தது. "ரிஜெக்ட்... இதுவும் ரிஜெக்ட்..." என்று நான் அடுக்கிலேயே திருப்பி வைத்துக்கொண்டு வந்தேன்.

"நீ சாமான் வாங்க வந்தியா, ரெய்டு பண்ண வந்தியா?" என்றார் கணவர்.

"நம்ம புள்ளைக்குத்தான் பண்றேன்."

அவர் தள்ளுவண்டியைத் தள்ளிக்கொண்டு நகர்ந்தார். கொஞ்ச நேரம் கழித்து அடுத்த அடுக்கிலிருந்து அவர் குரல் கேட்டது: "ஏய், இங்க வா! இந்த உப்பு பிஸ்கட்டு டின்னப் பாரு, மாவுச்சத்து எவ்வளவு போட்டிருக்கான்! இனிக்கவே இனிக்காதேடா இது!" அவருக்கும் தொற்றிக்கொண்டது என்று தெரிந்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம். என் வயிற்றுக்குள் இருப்பதைப் பற்றி அவர் மாதக்கணக்கில் பேசவே பயந்துகொண்டிருந்தார். இப்போது உப்பு பிஸ்கட் சாக்கில் பேசத் தொடங்கியிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை பாகான் டாலாமிலிருந்து என் அக்கா பெர்ரி ஏறிக் கடல் தாண்டி வந்தாள். கையில் தூக்குச்சட்டி. ஓட்ஸ் கஞ்சி, மேலே கருகருவென்று பாகு.

"சீனின்னு கத்தாத. இது குலா மெலாக்கா, தென்னை வெல்லம். மரத்துலேருந்து வர்றது, இயற்கை லா. டாக்டருங்களே சாப்பிடலாம்ங்கிறாங்க."

"எந்த டாக்டரு?"

"போன்ல வந்த வீடியோவுல ஒருத்தர் பேசினாரு."

"போன்ல வந்த டாக்டரா? கரும்பும்தான் இயற்கைக்கா! அதுலேருந்து வர்றதுதான் வெள்ளைச் சீனி. ரெண்டுக்குள்ளயும் பெரும்பாலும் ஒரே சரக்குதான். குளுக்கோஸும் ஃபிரக்டோஸும் கைகோத்துக்கிட்டு இருக்கும். நெறம் கறுப்பா இருந்தா நல்லதாயிடுமா?"

"நீ ரொம்பப் படிச்சிட்ட."

வாக்குவாதம் செய்து என்ன பயன்? கருவி இருக்கிறதே. ஒரு சின்னக் கிண்ணம் சாப்பிட்டேன். ஒரு மணி நேரம் அக்கா சுவர்க் கடிகாரத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். எண் கோட்டைத் தாண்டியது. நான் "பாத்தியா!" என்று கையைத் தட்டினேன். வாதத்தில் ஜெயித்துவிட்டால் எனக்குத் தலைகால் தெரியாது. திரும்பிப் பார்த்தால் அக்கா கண்ணில் தண்ணீர்.

"நானே உன் புள்ளைக்குக் கெடுதல் பண்ணிட்டேனா?"

எனக்குச் சுருக்கென்றது. போன முறை குழந்தை கைவிட்டுப் போனபோது மருத்துவமனையில் என் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தவள் இவள்தான். "ஒரு கிண்ணத்துல ஒண்ணும் ஆவாதுக்கா. தெரிஞ்சிக்கிட்டோம்ல, அதுதான் லாபம்" என்று அவளை இழுத்துக்கொண்டு கீழே இறங்கினேன். நடந்தால் எண் இறங்கும் என்று படித்திருந்தேன். இரண்டு பேரும் அடுக்குமாடியைச் சுற்றிச் சுற்றி வந்தோம். மேலே வந்து குத்தினால், நிஜமாகவே இறங்கியிருந்தது. அக்கா கன்னத்தைத் துடைத்துக்கொண்டு, "இத மொதல்லயே சொல்லியிருந்தா நான் அழுதிருக்க மாட்டேன்ல" என்றாள். அடுத்த வாரம் அவள் தூக்குச்சட்டியில் கொண்டைக்கடலைச் சுண்டல் வந்தது. கடலையிலும் மாவுச்சத்துதான். ஆனால் அதன் சரத்தைச் சுற்றி நாரும் புரதமும் இருப்பதால் உடம்பு அவிழ்க்க நேரம் பிடிக்கும். எண் கோட்டுக்கு வெகு கீழே நின்றது. இந்த முறை கை தட்டியது அவள்.

பழத்திலும் இதே கதைதான். ஒரு கொய்யாவைக் கடித்து மென்று தின்றால் மீட்டர் அமைதியாக இருந்தது. பழங்களைப் பிழிந்து சக்கையைத் தள்ளிச் சாறாகக் குடித்தால் அது குதித்தது. அதே பழச் சீனிதான், அளவும் வேகமும்தான் வேறு.

ஆனால் எனக்கு எல்லாவற்றிலும் பெரிய திருவிழா சோறுதான். சோற்றை விட்டுவிட வேண்டுமோ என்றுதான் உள்ளுக்குள் அழுதுகொண்டிருந்தேன். மீன் குழம்பு ஊற்றிச் சோறு சாப்பிடாத நாள் எனக்கு நாளே இல்லை. ஒரு நாள் அளந்து வைத்த ஒரு கிண்ணம் சோற்றை முதலில் சாப்பிட்டு, பிறகு மீனும் கீரையும் சாப்பிட்டேன். மறுநாள் அதே கிண்ணம், அதே மீன், அதே கீரை. வரிசையை மட்டும் மாற்றினேன்: முதலில் கீரை, பிறகு மீன், கடைசியில் சோறு. முதல் நாள் எண் கோட்டுக்கு மேலே. இரண்டாம் நாள் கோட்டுக்குக் கீழே! ஒரு பருக்கைகூடக் குறைக்கவில்லை. நான் சமையலறையிலேயே ஒரு ஆட்டம் போட்டேன்.

"மெதுவா, மெதுவா!" என்று கணவர் ஓடி வந்து என் வயிற்றுக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார், பந்து பிடிக்கிறவர் மாதிரி.

அன்று அவரையும் விடவில்லை. புது ஊசி முனை மாற்றி அவர் விரலிலும் குத்தினேன். தட்டு நிறையச் சோறு, அதற்கு மேல் அப்பளம், பிறகு ஒரு வாழைப்பழம் தின்ற மனிதர். எண் சாதுவாக ஆறில் உட்கார்ந்திருந்தது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. கீரையைத் தின்று, கணக்குப் பார்த்து, மூச்சு வாங்க நடக்கிறவள் நான். இவருக்கு ஆறா? அடுத்த முறை கிளினிக்கில் மிஸ்ஸியிடம் நியாயம் கேட்டேன்.

அவர் இந்த முறை நன்றாகவே சிரித்தார். "உங்க உடம்பு கெட்டுப் போகலம்மா. நஞ்சுக்கொடிலேருந்து வர்ற சுரப்புங்க உங்க இன்சுலினைச் சரியா வேலை செய்ய விடாம பிடிச்சு வெக்குது. பிள்ளைக்குச் சாப்பாடு போய்ச் சேரணும்ல, அதுக்காக. எல்லாருக்கும் நடக்கறதுதான். சில பேரு உடம்பு கூடுதலா இன்சுலின் சுரந்து சமாளிச்சிடும். உங்களுக்குக் கொஞ்சம் திணறுது, அவ்வளவுதான்."

"அப்ப புள்ள கேக்குதா? பசிக்குதுன்னு கேக்குதா?"

"அப்படித்தான் வெச்சுக்கோங்களேன்."

வீட்டுக்குத் திரும்பும் பஸ் முழுக்க நான் இளித்துக்கொண்டே வந்தேன். இத்தனை நாளாக எனக்கு வந்த நோய் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். உள்ளே ஒரு ஆள் உட்கார்ந்துகொண்டு அதிகாரம் செய்கிறது! என் பிள்ளைதான், சந்தேகமே இல்லை.

இப்படியே ஜெயித்துக்கொண்டு போயிருந்தால் நானும் பெருமையாகச் சொல்லிக்கொள்வேன். ஆனால் காலையில் வெறும் வயிற்றில் எடுக்கும் எண் மட்டும் அடம் பிடித்தது. மற்ற நேரமெல்லாம் கோட்டுக்குள் இருந்தது. காலைக்குக் கோடு எட்டு இல்லை, அதைவிடத் தாழ்வு; அந்தக் கோட்டுக்குக் கொஞ்சம் மேலேயே நின்றது. இரவுச் சாப்பாட்டைக் குறைத்தேன், மாற்றினேன், நடந்தேன். அசையவில்லை. டாக்டர் பார்த்துவிட்டு, படுக்கும் முன் ஒரு இன்சுலின் ஊசி போட்டுக்கொள்ளச் சொன்னார். நான் அவரோடு மல்லுக்கு நின்றேன். இன்னும் ஒரு வாரம் கொடுங்கள், நான் சரிசெய்துவிடுகிறேன் என்றேன். ஊசி என்றால் தோற்றுவிட்டேன் என்றுதான் எனக்குப் பட்டது.

மிஸ்ஸிதான் என்னைத் தனியாக உட்காரவைத்தார். "நீங்க தூங்கறப்ப கல்லீரல் தானா ரத்தத்துல சீனிய எறக்கி விடும். உசுரு வாழணும்ல, அதுக்காக. அதுகிட்டப் போயி நீங்க கோசோங்னு சொன்னா கேக்காது. இது உங்க சாப்பாட்டுத் தப்பே இல்ல. இப்ப சொல்லுங்க, ஊசி போடாம இருக்கணுமா, பிள்ள நல்லா இருக்கணுமா?"

கடைக்காரரோடு நான் போட்ட சண்டையை அவரிடம் முன்பே சொல்லியிருந்தேன், அதை வைத்தே என்னை மடக்கிவிட்டார். கருவி சொன்ன எண்ணை நான் என்றைக்கு மறுத்திருக்கிறேன்? அன்றிரவு கணவர் கண்ணை மூடிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொள்ள, நானே போட்டுக்கொண்டேன். எறும்பு கடித்த அளவுகூட இல்லை. சில நாளில், மருந்தின் அளவைக் கொஞ்சம் கூட்டியதும், காலை எண்ணும் கோட்டுக்குள் வந்துவிட்டது. இதற்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம் செய்தோம் என்று எனக்கே வெட்கமாக இருந்தது.

ஒரு பிற்பகலில் ஜார்ஜ் டவுன் மருத்துவமனையில் அவள் பிறந்தாள். வீல் என்று ஒரு சத்தம். நான் கேட்ட முதல் கேள்வி, "எடை எவ்வளவு?" என்பதுதான். அளவான எடை என்றார்கள். பெருக்கவில்லை, இளைக்கவில்லை, பத்து விரலும் பத்து விரலாக இருந்தன. அவளை என் மார்பில் போட்டபோது, முடிந்தது, ஜெயித்துவிட்டோம் என்று எனக்குள் ஒரு கூச்சல். உலகத்தில் இருக்கும் எல்லா ரொட்டி சானாயையும் இனி நான் தின்னலாம்!

பிறகு வார்டில் வேறொரு மிஸ்ஸி வந்தார். கையில் மீட்டர். நான் விரலை நீட்டினேன்.

"உங்களுக்கில்லம்மா. பாப்பாவுக்கு."

"அவளுக்கு எதுக்கு? அவ இன்னும் எதுவுமே சாப்பிடலையே!"

"அதனாலதான்" என்றார். கட்டைவிரல் அளவு இருந்த குதிகாலைப் பிடித்துக்கொண்டே சொன்னார். வயிற்றில் இருந்தவரை என்னிடமிருந்து வந்த சீனிக்கு ஏற்றபடி அவளும் இன்சுலின் சுரந்து பழகியிருப்பாள். கொடியை அறுத்ததும் வரத்து நின்றுவிட்டது. அவள் உடம்புக்கு அது தெரியாமல் இன்னும் சுரந்துகொண்டிருந்தால், அவள் ரத்தத்தில் சீனி இறங்கிப் போகலாம். இறங்கிக்கொண்டே போவது ஆபத்து. குத்தியதும் அவள் முகம் சுருங்கி அழுதாள். மீட்டரை என் பக்கம் திருப்பிக் காட்டினார். "கொஞ்சம் கம்மி. உடனே பால் குடுங்க. கொஞ்ச நேரத்துல மறுபடி பாக்கணும்."

எண் குறைவாக வந்ததற்காக நான் பயந்தது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. "எனக்கு இன்னும் ரெண்டு சொட்டுதான் வருது மிஸ்ஸி. அதுல என்ன இருக்கும்?"

"சீம்பால்மா. சொட்டுப் போதும். அதுலயும் சீனி இருக்கு, பால் சீனி. லாக்டோஸ்ம்பாங்க."

ஓஸ். இத்தனை மாதம் கடை கடையாக நான் துரத்திய குடும்பத்தில் ஒருத்தி. யாரும் சொல்லிக்கொடுக்காமலே என் உடம்பு அதை அவளுக்காகச் செய்து வைத்திருந்தது. அவள் வாயைத் திறந்து தேடினாள், தவறவிட்டாள், மறுபடி தேடிப் பிடித்துக்கொண்டாள். குடிடா கண்ணு, நல்லா குடி, இன்னும் குடி என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். என் கண்ணீர் அவள் தலையில் விழுந்தது. துடைக்க ஒரு கை மிச்சமில்லை.

பார்வை நேரம் தொடங்கிக் கணவர் உள்ளே வந்தபோது மிஸ்ஸி இரண்டாவது முறை குத்திக்கொண்டிருந்தார். கணவர் கட்டிலருகே வந்து, எண்ணைப் பார்க்கும் முன்பே மகளின் குதிகாலில் ரத்தத்தையும் என் கண்ணீரையும் கண்டார். முகம் சட்டென்று வாடியது.

"ஏறிடுச்சா?" என்றார் மெதுவாக.

மிஸ்ஸி என் பக்கம் திருப்பிய எண்ணைப் பார்த்துவிட்டு, "ஏறிடுச்சு!" என்று கத்தினேன். வார்டில் எல்லாத் தலையும் திரும்பின. "ஏறிடுச்சுங்க! உங்க பொண்ணுக்கு ஏறிடுச்சு!"

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. நான் சிரிக்கிறேனா அழுகிறேனா என்பதுகூட அவருக்குத் தெரியவில்லை. வாங்கி வந்த பையைக் கையிலேயே பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். நான் அவளை அடுத்த மார்புக்கு மாற்றிக்கொண்டேன்.